முதலாவது பெயர்

அக்காவிடம் பெயர் சொல்லிவிடக் கூடாது என்று எங்கள் ஊரில் ஒரு பயம் இருந்தது. மற்ற ஊர்களில் கடிநாய்க்கும் ஊர் அதிகாரியான விதானையாருக்கும் பயப்படுவார்கள். மானிப்பாயிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் உள்ளே வரவேண்டிய எங்கள் சின்ன ஊரில், வெள்ளைச் சேலை கட்டித் தோளில் துணிப்பை மாட்டிய ஒரு விதவைக்குப் பயந்தார்கள். அவர் நின்று, "உம்மடை பேர் என்ன?" என்று கேட்டால் பெரிய வாயாடியும் வேறு பக்கம் பார்ப்பான். பெயர் கிடைத்தால் அவர் அதை ஜெபத்தில் சேர்த்துவிடுவார்.

ஊரார் அவரை வேதக்கார மனுசி என்றார்கள். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்றுதான் சொல்வது. நான் அக்கா என்றேன். அவர் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகுவேலிதான்.

பக்கத்து ஊர்களில் வீடுவீடாகப் போய்ச் சுவிசேஷம் சொல்வது அவர் வேலை. காலை ஆறரை பஸ்ஸுக்குப் போகும் வழியில், எங்கள் ஒழுங்கை பெரிய தெருவில் ஏறுகிற முகப்பில் நிற்பார். பையைக் காலடியில் வைப்பார். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, கிணற்றடியில் நிற்கிற எனக்கும் தெளிவாகக் கேட்கிற குரலில் தொடங்குவார்.

"ஆண்டவரே, நாகமுத்தர் மகன் அம்பலவாணரை மன்னியும். என்ரை மனுசன்ரை பிரேதத்தை வழிமறிச்சவர். வல்லிபுரம் மகன் சுப்பையாவை மன்னியும். பனங்குத்தியின்ரை மற்றத் தலைப்பைப் பிடிச்சவர். கந்தையா மகன் நல்லதம்பியை மன்னியும். சவத்தைப் பாத்துச் சிரிச்சவர்."

இப்படிப் பதினொரு பெயர்கள். தகப்பன் பெயர், தன் பெயர், செய்த வேலை. வரிசை மாறாது. ஒரு சொல் கூடாது, குறையாது. கடைசியில், "இதுகளை மறக்கேலாமல் கிடக்கிற இந்தக் கட்டையையும் மன்னியும்" என்று முடித்துவிட்டுப் பையைத் தூக்குவார். தன் பெயரை மட்டும் சொல்லமாட்டார். நானும் இங்கே அதைச் சொல்லப் போவதில்லை.

முதலாவது பெயருக்குரிய அம்பலவாணர் என் மாமா. என் கணவரின் தகப்பன். நான் அந்த வீட்டு மருமகள்.

மன்னிப்பைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. பத்து வயதில் என் சிலேட்டை உடைத்தவளின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவள் எங்காவது வழுக்கி விழுந்தாள் என்று கேள்விப்பட்டால் இன்றைக்கும் சந்தோஷத்தில் இன்னொரு தேத்தண்ணி குடிப்பேன். ஆகவே அக்கா மேல் எனக்கிருந்த அன்பு அவருடைய வேதத்தால் வந்ததல்ல. அந்த ஊரில் என் மாமாவைத் தினமும் காலையில் குத்துகிற ஒரே ஆள் அவர்தான். அதனால் வந்த அன்பு.

வழிமறித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் கலியாணம் முடித்து வந்த வருடம், அறுபதுகளின் தொடக்கம். அக்காவின் கணவர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளரைத் தூக்கி இறக்குகிற வேலை பார்த்தார். இரண்டு பேரும் எங்கள் ஆட்கள்தான், சைவமாய்ப் பிறந்தவர்கள்தான். ஒரு சின்ன ஜெபக்கூட்டத்தில் சேர்ந்து, கடலில் முழுகி ஞானஸ்நானம் எடுத்து, திருநீற்றை விட்டுவிட்டார்கள். பழைய வேதக்காரர்களோடு ஊர் ஒத்துப்போயிருந்தது. அவர்கள் தங்கள் பாட்டுக்கு வேதக்கோயிலுக்குப் போய் வருவார்கள். இவர்கள் ஒழுங்கை ஒழுங்கையாய் நின்று பாடினார்கள், ஆட்களைக் கூப்பிட்டார்கள். கடைக்காரர் சுப்பையா இவர்களுக்கு மண்ணெண்ணெய் கொடுப்பதை நிறுத்தினார். உடுப்பு வெளுக்கிற கட்டாடியார் வாசல் படலைக்கு வருவதை நிறுத்தினார். எல்லாவற்றுக்கும் பின்னால் விதானை உத்தியோகம் பார்த்து இளைப்பாறிய என் மாமா இருந்தார்.

ஒருநாள் அக்காவின் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், எழும்பவில்லை. செத்தவீட்டுக்கு ஒருவரும் போகக் கூடாது என்று மாமா ஊருக்குச் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தில் ஒருவரை உயிரோடு புதைப்பதென்றால் அதுதான் வழி. சபையிலிருந்து வந்த ஆறேழு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒழுங்கை முகப்பில் வைரவர் கோயில். அதற்கு முன்னால் குறுக்கே வெட்டின பனைமரக் குத்தி ஒன்று கிடந்தது. பனங்குத்திக்குப் பின்னால் மாமாவும் பத்துப் பேரும் நின்றார்கள்.

"வேதக்காரச் சவம் வைரவருக்கு முன்னாலை போகேலாது" என்றார் மாமா. "சுடலை மற்றப் பக்கம் இருக்கு. அங்கை கொண்டுபோய் எங்கடை முறைப்படி எரிக்கிறதெண்டால் நானே முன்னுக்கு வாறன்."

"அவர் தன்னை எங்கடை சேமக்காலையிலை புதைக்கச் சொன்னவர்" என்றார் அக்கா.

"அப்ப உதிலை கிடக்கட்டும்."

சித்திரை வெயில். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை பெட்டி அந்த வெயிலில் கிடந்தது. பாஸ்டர் கெஞ்சினார். பொலிசுக்குப் போனவர் தனியே திரும்பி வந்தார். அக்கா அழவில்லை. குடையை விரித்துப் பெட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குடையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பனங்குத்திக்குக் கிட்டே போனார். நின்ற பதினொரு பேரிடமும் ஒவ்வொருவராகக் கேட்டார்.

"உம்மடை பேர் என்ன? தேப்பன்ரை பேர்?"

எங்கள் ஆட்களிடம் தகப்பன் பெயரைக் கேட்டால் நெஞ்சு தானாய் நிமிர்ந்துவிடும். எல்லாம் தெரிந்த முகங்கள்தான், ஆனாலும் கேட்டார். ஒருவனாவது "ஏன் கேக்கிறாய்?" என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிட்டதுபோல வரிசையாகச் சொன்னார்கள். நல்லதம்பி சிரித்துச் சிரித்துப் பாட்டன் பெயரையும் சேர்த்துச் சொன்னான். பனங்குத்தி போட்டதைவிட அதுதான் அவர்கள் செய்த பெரிய பிழை.

கடைசியில் பின்வேலியைப் பிரித்து, தண்ணீர் கட்டியிருந்த வெங்காயத் தோட்டத்துக்குள்ளால், சேற்றில் கால் புதையப் புதையப் பெட்டியைக் கொண்டுபோய்ப் பெரிய தெருவில் ஏற்றினார்கள். நான் எங்கள் வேலியின் பொட்டு ஓட்டைக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. அதற்காக அக்கா என்னையும் பட்டியலில் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அந்தக் குரல் முதல்முறையாகக் கேட்டது. மாமா வாயில் வேப்பங்குச்சியோடு முற்றத்தில் நின்றார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பாத்தியே, ஐயர் மாதிரிப் பேர் சொல்லி எனக்கு அருச்சனை செய்யிறாள்!"

ஒரு மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. பஸ்ஸுக்கு நிற்கிற சனம் கேட்டது. சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிற சனம் சைக்கிளை நிறுத்திக் கேட்டது. அக்கா மண் அள்ளித் தூற்றியிருந்தால் ஊருக்குப் பதில் தெரியும். ஏசியிருந்தால் இரண்டு மடங்காய் ஏசியிருப்பார்கள். "மன்னியும்" என்கிறவளை என்ன செய்வது? அந்தச் சொல்லைக் கேட்டவுடன் கேட்கிற ஆள், என்ன குற்றம் செய்தவர் என்று அல்லவா விசாரிக்கிறான்.

செய்து பார்க்காமலும் விடவில்லை. கூரைக்குக் கல் எறிந்தார்கள். பங்குக் கிணற்றில் அவருடைய கயிற்றை அறுத்துவிட்டார்கள். ஒரு காலையில், அவர் முகப்பில் ஜெபித்துக்கொண்டு நிற்கும்போதே, அவருடைய வேலிக்கு யாரோ நெருப்பு வைத்தார்கள். கிடுகு சடசடவென்று பற்றி எரிந்தது. அக்கா திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடியும் கண்ணை மூடி மிச்சம் ஆறு பெயரையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வாளியைத் தூக்க வந்தார். அதற்குள் நான் இந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் இறைத்து ஊற்றத் தொடங்கிவிட்டேன். மாமா கத்தினார். "வேலியிலை எங்களுக்கும் பங்கிருக்கு மாமா" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் எதிர்ப்பேச்சு அதுதான்.

இன்னொரு நாள் பஸ்ஸில் ஒரு இளந்தாரி அவருடைய கைப்பிரதிகளைப் பறித்து யன்னலால் எறிந்தானாம். அக்கா எழும்பி, "தம்பி, உம்மடை பேர் என்ன?" என்று கேட்டாராம். அவன் அடுத்த தரிப்பில் இறங்கி, வெயிலில் இரண்டு கட்டை தூரம் நடந்து வீட்டுக்குப் போனான். அதற்குள் அக்காவின் புகழ் அவ்வளவு தூரம் பரவிவிட்டது.

முதலில் விழுந்தவர் கடைக்காரர் சுப்பையா. அவருடைய மகளைப் பெண் பார்க்க உடுப்பிட்டியிலிருந்து ஒரு பகுதி முதல் பஸ்ஸில் வந்து இறங்கியது. இறங்கிய இடத்தில் அக்கா நின்றார். அவர்கள் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் சுப்பையா வீட்டுக்குப் போனார்கள். தேத்தண்ணியைக் கையில் வாங்கிய மாப்பிள்ளையின் தகப்பன், "வல்லிபுரத்தாற்றை மகன் எண்டு அந்த மனுசி சொன்னது உங்களைத்தானோ?" என்று கேட்டார்.

அன்று பின்னேரமே சுப்பையா அக்காவின் படலையில் போய் நின்றார். "பிள்ளை, நான் செய்தது பிழை" என்றார். அக்கா கதிரை போட்டு அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். அடுத்த நாள் காலையில் அந்தப் பெயர் இல்லை. அவ்வளவுதான் அக்காவின் சட்டம். வாயால் ஒருதரம் "பிழை" என்று சொல்ல வேண்டும், அல்லது சொல்லி அனுப்ப வேண்டும். கொழும்பில் வேலை கிடைத்துப் போன நல்லதம்பி ஒரு போஸ்ட்காட்டில் எழுதிப் போட்டான். அதுவும் எடுபட்டது. பட்டியல் வருடா வருடம் சுருங்கிக்கொண்டு வந்தது. முதலாவது பெயர் மட்டும் அசையவில்லை.

இனி என்னுடையது.

எனக்கு ஒரு மகன் பிறந்தான். குகன் என்று பெயர் வைத்தோம். எட்டாவது மாதத்தில் ஒருநாள் விடியவே அவனுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. மத்தியானத்துக்குள் பிள்ளை துவண்டு, கண் உள்ளே போய்விட்டது. மாமா பரியாரியாருக்கு ஆள் அனுப்பினார். பரியாரியார் வேறு ஊருக்குப் போயிருந்தார். நான் அழுத சத்தம் வேலிக்கு அப்பால் கேட்டிருக்கிறது. அக்கா சந்திக்கு ஓடி, ஒரு காரை மறித்து, ஒழுங்கைக்குள் எங்கள் படலை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

"அண்ணை, ஆஸ்பத்திரியிலை எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். பிள்ளையைத் தாங்கோ."

மாமா படலைக் கொளுவியைப் போட்டுவிட்டு அதன் முன்னால் நின்றார். "நீ கொண்டுவந்த காரிலை என்ரை பேரன் ஏறமாட்டான். காலமை காலமை என்ரை மானத்தை வாங்கிறவளிட்டை நான் பிச்சை எடுக்கிறதோ?"

"நான் வரேல்லை அண்ணை. நான் இதிலையே நிக்கிறன். கார் மட்டும் போகட்டும்."

"போடி அங்காலை."

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படலைக்கு ஓடினேன். மாமா கையை நீட்டி மறித்தார். என் கணவர் முற்றத்தில் நின்றார். தகப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். கார் நின்று நின்று பார்த்துவிட்டுப் பின்பக்கமாகவே போனது. விளக்கேற்றுகிற நேரத்துக்கு முன்னால் குகன் என் மடியில் அடங்கிவிட்டான்.

தொட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். அந்தப் பெயரை வீட்டில் ஒருவரும் சொல்லக் கூடாது என்று மாமா கட்டளையிட்டார். ஒருவரும் சொல்லவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த பிறகு நான் வேலிப் பொட்டடியில் அக்காவைக் கூப்பிட்டேன்.

"நாளைக்குக் காலமை இதையும் சேர்த்துச் சொல்லுங்கோ அக்கா. குகனைக் கொன்றவர் எண்டு சொல்லுங்கோ. ஊர் கேக்கட்டும்."

அக்கா பொட்டுக்குக் கிட்ட வந்தார். "என்ரை ஜெபம்தான் அந்தப் படலையைப் பூட்டினது எண்டு நான் நினைக்காத நாளில்லை" என்றார். பிறகு தலையை ஆட்டினார். "ஆனால் அது உன்ரை, பிள்ளை. உன்ரையை நான் மன்னிக்கேலாது. எனக்கு அதுக்கு உரித்தில்லை."

"ஆர் மன்னிக்கச் சொன்னது? சாபம் போடச் சொல்லுறன்."

"அது எனக்கு நல்லா வரும்" என்றார் அக்கா. "அதுதான் பயம். மனசுக்குள்ளை சொன்னனெண்டால் எல்லாம் சாபமாத்தான் வெளிக்கிடும். அதாலைதான் தெருவிலை நிண்டு சத்தமாச் சொல்லுறன். பத்துப் பேர் கேட்டுக்கொண்டு நிக்கேக்கை சாபம் போட வாய் கூசும்."

அரசன் அன்றறுப்பான், தெய்வம் நின்றறுக்கும் என்பார்கள். தெய்வம் வருகிறவரை நிற்க எனக்குப் பொறுமை இல்லை. ஆனாலும் நின்றேன். அந்த வீட்டில் சமைத்தேன், கூட்டினேன், மாமாவுக்குத் தட்டில் சோறு போட்டேன். ஒவ்வொரு நாளும் காலையில் அந்த முதலாவது பெயரைக் கேட்பதற்காகவே கிணற்றடிக்குப் போனேன்.

பிறகு கிராமச் சங்கத் தேர்தல் வந்தது. தலைவராக வரவேண்டும் என்பது மாமாவின் நெடுநாள் ஆசை. சந்தியில் மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, பட்டணத்திலிருந்து கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு அப்புக்காத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். தனிச் சிங்களச் சட்டம் வந்து வருடங்கள் போயிருந்தாலும் சூடு ஆறாத காலம். அப்புக்காத்து நன்றாகத்தான் பேசினார். "சொந்த மண்ணிலே தமிழன் நடக்கிற வழியை மறிக்கிறார்கள்! மறிப்பதற்கு இவர்கள் யார்?" என்று மேசையில் அடித்தார். சனம் கைதட்டியது. பக்கத்தில் மாலையோடு இருந்த மாமாவும் தட்டினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழும்பினார். கண்ணை மூடினார். ஒலிபெருக்கி இல்லாமலே அந்தக் குரல் மேடை வரை போனது.

"ஆண்டவரே, நாகமுத்தர் மகன் அம்பலவாணரை மன்னியும். என்ரை மனுசன்ரை பிரேதத்தை வழிமறிச்சவர்."

அன்றைக்கு மட்டும் வழமையை மீறி ஒரு வசனம் கூட்டினார். "வழிமறிக்கிறது பிழையெண்டு இப்ப அவருக்கும் விளங்கியிருக்கு. அதுக்கு உமக்குத் தோத்திரம்."

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போனது. அப்புக்காத்து சோடாவைக் குடித்தார். கூட்டத்தின் கரையிலிருந்து ஒரு வெறும் சோடாப் போத்தல் பறந்து வந்து அக்காவின் நெற்றியில் பட்டது. இரத்தம் வெள்ளைச் சேலையில் ஒழுகியது. அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "எறிஞ்ச தம்பி ஆர்? உம்மடை பேர் என்ன?" என்று கேட்டார். அவ்வளவு பேரில் ஒருவரும் மூச்சு விடவில்லை. மாமா அந்தத் தேர்தலில் தோற்றார். அன்றைக்கு நான் பாயாசம் காய்ச்சினேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு, பால் மிச்சம் கிடந்தது என்று சொன்னேன்.

நெற்றியில் கட்டோடு இருந்த அக்காவைப் பார்க்கப் பாஸ்டர் சைக்கிளில் வந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"சகோதரி, ஜெபத்தைக் கதவைச் சாத்திப்போட்டு அறைக்குள்ளை வைச்சுக்கொள்ளுங்கோ. அதுதான் முறை. ஊரோடை பகை வேண்டாம்."

"ஐயா, என்ரை மனுசனை அவை அறைக்குள்ளை வைச்சு மறிக்கேல்லை" என்றார் அக்கா. "தெருவிலைதான் மறிச்சவை."

பாஸ்டர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தேர்தலுக்குப் பிறகு சில வருடங்களில் மாமாவுக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு கையும் காலும் விழுந்து, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தெருப்பக்கத்து அறையில் கட்டில் போட்டுக் கிடத்தினோம். அந்த நேரம் பட்டியலில் மிச்சம் அவர் பெயர் ஒன்றுதான். காலையில் அக்காவின் காலடிச் சத்தம் கேட்டால் "யன்னல், யன்னல்" என்று முனகுவார். மூடச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். "காத்துப் படட்டும் மாமா" என்று நன்றாகத் திறந்துவிடுவேன். குளிப்பாட்டினேன், கஞ்சி பருக்கினேன், படுக்கைப் புண்ணுக்கு எண்ணெய் பூசினேன். நல்ல மருமகள் என்று ஊர் மெச்சியது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும், அந்தத் தண்ணீரை நான் கரண்டியால் பருக்கினேன்.

ஒருநாள் காலையில் ஜெபம் முடிந்து பஸ் போன பிறகு, அவர் என் கையைப் பிடித்தார். அதுவரை என்னை அவர் தொட்டதில்லை, படலையில் மறித்த அந்த ஒரு நாளைத் தவிர.

"பிள்ளை, உவளிட்டைப் போய்ச் சொல்லு. பிழை எண்டு சொல்லு. நான் சொன்னனான் எண்டு சொல்லு."

மற்றச் சொற்கள் குழறின. "பிழை" மட்டும் தெளிவாக வந்தது.

"எது பிழை மாமா?"

"வழி... வழிமறிச்சது."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

நான் காத்திருந்தேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. எதற்காக ஓடியது என்று எனக்குத் தெரியாது. அவர் குகன் என்ற பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். சத்தியமாகப் போயிருப்பேன் என்று இவ்வளவு காலமும் எனக்கே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

பின்வளவுக்குப் போனேன். வாழைக்கு நாலு வாளி தண்ணீர் ஊற்றினேன். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

"சொன்னனான் மாமா. அவ மாட்டன் எண்டிட்டா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் இருந்தார். காலையில் அந்தக் குரல் எழும்பும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவார். யன்னலை மூடச் சொல்லிக் கேட்பதையும் விட்டுவிட்டார். நான் ஒவ்வொரு நாளும் பக்கத்தில் நின்று பார்த்தேன். மனம் ஆறியது என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் இனித்தது.

அவருடைய பாடை அக்காவின் படலைக்கு முன்னால்தான் சுடலைக்குப் போனது. அக்கா வெளியே வந்து நின்றார். சனம் எல்லாம் அவருடைய வாயையே பார்த்தது. அவர் தலையைக் குனிந்து கைகூப்பினார், பேசவில்லை. அடுத்த நாள் காலையில் முகப்பில் சத்தம் இல்லை. பஸ் வந்தது, அக்கா ஏறிப் போனார்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த பின்னேரம் அவரை வேலிப் பொட்டடியில் கண்டேன். அக்கா மெலிந்து தெரிந்தார்.

"கடைசி மட்டும் அந்த மனுசனிட்டையிருந்து ஒரு சொல் வரேல்லையே பிள்ளை" என்றார். "அந்தச் சொல்லுக்குத்தானே நான் இவ்வளவு காலமும் அந்த முகப்பிலை நிண்டனான்."

"வந்தது அக்கா" என்றேன். "நான்தான் கொண்டுவந்து தரேல்லை."

நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். பரிசு கொண்டுபோகிறவள்போலத்தான் சொன்னேன். உங்களுடையதுக்கும் என்னுடையதுக்கும் சேர்த்துப் பழி எடுத்துவிட்டேன் என்று அவர் மகிழ்வார் என எதிர்பார்த்தேன். அக்கா வேலிக் கதியால் மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். கணவனின் பெட்டிக்குப் பக்கத்தில் அழாதவர் மாமாவுக்காக வாய்விட்டு அழுதார்.

"அந்த மனுசன் பிழை எண்டு சொன்ன பிறகும் நான் தெருவிலை நிண்டு அவரை அடிச்சிருக்கிறன். என்ரை வாயாலை அடிக்க வைச்சிட்டாய் எல்லோடி."

"எனக்கு அவர் பிழை எண்டு சொல்லேல்லை" என்றேன். "என்ரை படலையை மறிச்சதுக்கு அவர் ஒருநாளும் சொல்லேல்லை."

அக்கா எழும்பி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் காலையில் வழமைபோல வாளியோடு கிணற்றடியில் நின்றேன். பட்டியல் முடிந்துவிட்டதே, இனி என்ன இருக்கிறது என்று நினைத்தேன். முகப்பிலிருந்து குரல் எழும்பியது.

"ஆண்டவரே, குகன்ரை தாய் பரமேஸ்வரியை மன்னியும். சாகக் கிடந்தவர் சொல்லிவிட்ட சொல்லை ஒளிச்சவ."

கயிறு என் கையை விட்டுப் போனது. வாளி அடித் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. சாகக் கிடந்தவர் என்றதோ ஒளித்தவ என்றதோ என் காதில் ஏறவில்லை. குகன்ரை தாய். எத்தனையோ வருடம் ஒருவர் வாயிலும் வராத பெயர் தெருவில், பஸ்ஸுக்கு நிற்கிற சனத்துக்கு நடுவில், கணீரென்று கேட்டது. எனக்கு ஒரு மகன் இருந்தான் என்று ஊர் முழுவதும் கேட்டது.

அக்காவின் சட்டம் எனக்குத் தெரியும். படலைக்குப் போய் ஒருதரம் "பிழை" என்று சொன்னால் போதும், என் பெயர் எடுபட்டுவிடும். என் கணவர் போகச் சொன்னார். மானம் போகிறது என்றார். தகப்பனிடம் கற்ற சொல் அது. நான் போகவில்லை. என் பெயர் எடுபட்டால் குகன் பெயரும் எடுபட்டுவிடும். அதோடு, அது பிழை என்று நான் நினைக்கவும் இல்லை.

அக்காவும் விடவில்லை. மழையில் குடை பிடித்துக்கொண்டு சொன்னார். முழங்கால் நோவோடு தடி ஊன்றி நின்று சொன்னார். பஸ் ஓடாத ஹர்த்தால் நாட்களில் கூட முகப்பு வரை நடந்து வந்து சொல்லிவிட்டுத் திரும்பினார். கிணற்றடியில் சந்தித்தால் என்னோடு முந்தியைப் போலவே கதைப்பார், கறி தருவார், என் காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துத் தருவார். காலையில் மட்டும் நான் முதலாவது பெயர். கடைசிப் பெயரும் நான்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரிகாலத்தில் அக்கா காலமானார். பெட்டி ஒழுங்கை முகப்பால், வைரவர் கோயிலுக்கு முன்னால் போனது. ஒருவரும் மறிக்கவில்லை. கிழவனாகிவிட்ட சுப்பையா பெட்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலையில் வாளியோடு கிணற்றடியில் நின்றேன். குரல் இல்லை. வாளியை வைத்துவிட்டு ஒழுங்கையால் நடந்து முகப்புக்குப் போனேன். பஸ்ஸுக்குச் சனம் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவுக்குச் சாபம் போடுவது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். செத்தவருக்கு உறைக்காவிட்டாலும் ஊருக்கு உறைக்கட்டும் என்று, பதினைந்து வருடத்துக்கு மேல் அடுக்கி வைத்திருந்த சாபங்கள் எல்லாம் நாக்கில் நின்றன.

"நாகமுத்தர் மகன் அம்பலவாணர்" என்று தொடங்கினேன். என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியாது. "என்ரை மகன் குகனைப் படலையிலை மறிச்சவர்."

சனம் கேட்டுக்கொண்டு நின்றது. அக்கா சொன்னதுபோலவே வாய் கூசியது. சாபம் வரவில்லை. அவர் வழமையாகச் சொல்லுகிற "மன்னியும்" என்ற சொல்லும் வரவில்லை. பஸ் வந்தது, சனம் ஏறிப் போனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போய் அந்த இரண்டு வசனத்தையும் சொல்லிவிட்டு வருகிறேன். மூன்றாவதை இன்னும் சொல்லவில்லை.